முடிவு சொல்வது யார்?
குற்றத்தொடர்களின் கடைசி அத்தியாயமும் திருச்சுழிச் சீமையின் கதைமரபும்

திருச்சுழி என்ற ஊர்ப்பெயருக்குத் தலபுராணம் சொல்லும் காரணம் ஒரு வெள்ளம். பிரளயமாகப் பெருகிவந்த நீரைச் சிவன் சூலத்தால் நிலத்தைக் குத்தி உள்ளே இறக்கினாராம். நீர் சுழித்துக்கொண்டு இறங்கிய இடம் சுழியல் ஆயிற்றாம். ஆண்டில் பெரும்பகுதி மணல் மட்டுமே தெரியும் குண்டாற்றங்கரையில் நின்று இந்தக் கதையைக் கேட்கிறவருக்குச் சிரிப்பு வரலாம். மழையை நம்பி மிளகாயும் மல்லியும் உளுந்தும் விதைத்து, விதைக்க வழியில்லாத நிலத்தில் சீமைக் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குகிற சீமைக்குப் பெயர் கொடுத்தது வெள்ளம். ஊர்க்காரர் யாரும் இதைப் பெரிய முரணாக எடுத்துக்கொள்வதில்லை. வந்த ஆபத்து எங்கே போனது என்ற கேள்விக்குக் கதையில் பதில் இருக்கிறது. அவர்களுக்கு அது போதும்.

இந்த ஊரோடு பெயரளவில் உறவுள்ள ஒரு தொடர் 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைம் வீடியோவில் வெளியானது: ‘சுழல்: தி வோர்டெக்ஸ்’. ‘விக்ரம் வேதா’ எடுத்த புஷ்கர்–காயத்ரி உருவாக்கி எழுத, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய எட்டு அத்தியாயக் குற்றக்கதை. 30-க்கும் மேற்பட்ட மொழிகளில் ஒரே நேரத்தில் வெளியிடப்பட்ட தமிழ்த் தொடர் என்ற பெருமை அதற்கு உண்டு. ஏழு அத்தியாயம் வரை ஒன்றாக உட்கார்ந்து பார்த்தவர்களை எட்டாவது அத்தியாயம் பிரித்தது. முடிவு ஏமாற்று வேலை என்றனர் ஒரு சாரார். வேறு முடிவே இதற்குக் கிடையாது என்றனர் இன்னொரு சாரார்.

ரசனை வேறுபாடு என்று இதைச் சுலபமாகத் தள்ளிவிடலாம். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி என்று விரியும் வானம் பார்த்த பூமியின் கதைமரபுக்குள் வைத்துப் பார்த்தால் இந்தச் சண்டைக்கு வேறு முகம் தெரிகிறது. துப்பறியும் கதையின் கேள்வி ‘கொன்றது யார்?’. இந்தச் சீமையில் கதை கேட்டு வளர்ந்தவர்களின் கேள்வி ‘செத்தவளுக்கு என்ன நியாயம் கிடைத்தது?’. கடைசி அத்தியாயம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதைப் பொறுத்தே பார்ப்பவர்கள் கட்சி பிரிகிறார்கள். இந்தக் கட்டுரையின் வாதம் அவ்வளவுதான்.

சாம்பலூரின் ஒன்பது நாள்

‘சுழல்’ நடக்கும் சாம்பலூர் கற்பனை ஊர். அங்கே ஒரு சிமெண்ட் ஆலை, ஒரு தொழிற்சங்கம், ஒன்பது நாள் மயானக் கொள்ளைத் திருவிழா. ஆலை தீப்பிடிக்கிறது; சங்கத் தலைவர் சண்முகத்தின் (பார்த்திபன்) இளைய மகள் நிலா காணாமல் போகிறாள்; பிறகு பிணமாகக் கிடைக்கிறாள். தேடும் பொறுப்பில் இன்ஸ்பெக்டர் ரெஜினாவும் (ஸ்ரேயா ரெட்டி) சப்–இன்ஸ்பெக்டர் சக்கரையும் (கதிர்). ரெஜினாவின் மகனும் இந்த வழக்குக்குள் வந்துவிடுகிறான். நிலாவின் அக்கா நந்தினி (ஐஸ்வர்யா ராஜேஷ்) ஊர் திரும்புகிறாள். சந்தேகம் ஆலை முதலாளி, சங்கம், காதல், பக்தி என்று ஒவ்வொரு வாசலாகத் தட்டிக்கொண்டே போகிறது.

இந்தப் பக்கத்துப் பார்வையாளருக்குச் சாம்பலூரில் பாதி தெரிந்த ஊர், பாதி தெரியாத ஊர். பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள். விருதுநகரை அடுத்த ஆர்.ஆர். நகரில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிமெண்ட் ஆலை ஓடுகிறது. ஆலைச் சங்கு, ஷிப்டு, போனஸ் பேச்சுவார்த்தை எல்லாம் இங்கே வீட்டுப் பேச்சு. மயானக் கொள்ளை அப்படியல்ல. அது மேல்மலையனூர் அங்காளம்மனைச் சுற்றி வடமாவட்டங்களில் வேரூன்றிய விழா. மாசிச் சிவராத்திரிக்கு இங்குள்ளவர்கள் கிளம்புவது குலதெய்வக் கோயிலுக்கு: கருப்பன், இருளப்பன், அய்யனார், ராக்காச்சி. ஆகவே தொடரில் அம்மன் வேடத்தோடு ஆடுகிற கூட்டத்தை இவர்கள் பக்தியோடு பார்த்திருந்தாலும், தங்கள் சாமியாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கடைசி அத்தியாயத்தில் சந்தேகம் எல்லா வாசலையும் விட்டுவிட்டு நிலாவின் வீட்டுக்குள்ளேயே நுழைகிறது. குற்றவாளி குணா (குமரவேல்), சண்முகத்தின் உடன்பிறந்தவர், குடும்பத்தோடு ஒட்டி வாழ்ந்தவர். நிலாவை மட்டுமல்ல, சிறுவயதில் நந்தினியையும் சீரழித்தவர் அவர்தான். விழாவின் முடிவில் நந்தினி அவரைக் கொல்கிறாள்.

இதற்கு எழுந்த எதிர்ப்புகள் மூன்று வகை. முதலாவது கட்டுமானம் பற்றியது. ஏழு அத்தியாயமாக ஆலையையும் சங்கத்தையும் சுற்றிக் காட்டிவிட்டு, கடைசியில் அடுப்படி மூலையிலிருந்து ஆளைப் பிடித்து வருவது ஆட்டத்தின் விதியை மீறுவது என்றார்கள். இரண்டாவது, முடிவின் தொனி பற்றியது. குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை பற்றி உரையாற்றத் தொடங்கியதும் கதை பிரசாரமாகிவிட்டது என்பது. மூன்றாவது, நந்தினி செய்த கொலை பற்றியது. காக்கிச்சட்டை அணிந்த இரண்டு பேரை எட்டு அத்தியாயம் ஓடவிட்டுக் கடைசியில் தீர்ப்பைப் பாதிக்கப்பட்டவள் கையில் கொடுத்தால் சட்டம் எதற்கு என்று கேட்டார்கள்.

முதல் எதிர்ப்புக்கு உலகம் ஏற்கெனவே பதில் வைத்திருக்கிறது. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட குழந்தைகளில் 53 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொல்லியிருந்தார்கள். 2012-இல் போக்சோ சட்டம் வந்தது. அதன்கீழ்ப் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டிவருகின்றன. வெளியே தேடி அலைந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி வருவது எழுத்தாளரின் தந்திரம் என்று தோன்றுகிறது. நிஜத்தில் நடப்பதும் அதுதான். ஏழு அத்தியாயமாகப் பார்ப்பவரும் குணாவைக் கவனிக்காமல் இருந்தார் அல்லவா? வீட்டார் கவனிக்காமல் இருந்தது எப்படி என்பதற்கு அதைவிடத் துல்லியமான விளக்கம் வேண்டியதில்லை. இந்த இடத்தில் தொடர் பக்கம் நிற்கத்தான் வேண்டியிருக்கிறது.

இரண்டாவது எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. கடைசிப் பகுதியில் வசனம் காட்சியை முந்துகிறது. மூன்றாவது எதிர்ப்பு அவ்வளவு எளிதில் தீரக்கூடியதல்ல. அதைப் புரிந்துகொள்ள இருபத்தைந்து ஆண்டு பின்னால் போகவேண்டும்.

கருப்பன் வந்தானா, வரவில்லையா?

1993-இல் சன் டிவி தொடங்கிய பிறகு கேபிள் ஒயர் ஊர் ஊராக நீண்டுகொண்டிருந்த காலம். கவிதாலயா தயாரிப்பில் நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ வரிசையின் இரண்டாவது கதை ‘விடாது கருப்பு’ 1997-98-இல் ஒளிபரப்பாயிற்று. மதுரைவாசியான இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டு விடு கருப்பா’ நாவல்தான் மூலம். ஊரில் தப்புச் செய்கிறவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போகிறார்கள். தண்டிப்பது குதிரையேறி வரும் கருப்பசாமி என்று ஊர் நம்புகிறது. முன்காலமும் நிகழ்காலமும் மாறிமாறி வரும் கதையின் முடிவில் மர்மம் அவிழ்கிறது. கருப்பனாகி நின்று கொன்றது சேத்தன் நடித்த பாத்திரத்தின் பிளவுண்ட மனம். அவன் செய்வது அவனுக்கே தெரியாது.

சென்னையில் பார்த்தவர்களுக்கு இது புதுமையான மனநோய்க் கதை. ‘சந்திரமுகி’யும் ‘அந்நிய’னும் வந்து இந்த உத்தியை எல்லோருக்கும் பழக்கப்படுத்தியது 2005-இல்தான். ஊருக்கு வெளியே அரிவாளோடும் மண்குதிரையோடும் நிஜமாகவே கருப்பன் நிற்கும் சீமையில் இந்த முடிவுக்கு விலை அதிகம். இங்கே கருப்பன் கதாபாத்திரம் அல்ல, ஒரு நீதிமன்றம். களவு போன வீட்டுக்காரர் போலீஸ் ஸ்டேஷனில் மனுக் கொடுத்துவிட்டுக் கருப்பன் வாசலில் காசு வெட்டிப் போட்டு வருவார். பங்காளித் தகராறில் ‘நீ கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணு’ என்று கேட்டால், பொய் சொல்கிறவன் கால் பின்வாங்கும். அப்படிப்பட்ட நீதிபதியை ஒரு டாக்டர் வந்து ‘இது மனசின் கோளாறு’ என்று விளக்கிவிட்டால் தீர்ப்புகள் என்ன ஆவது?

அந்த முடிவை இரண்டு விதமாக வாசிக்க முடியும், வாசித்தும் வருகிறார்கள். சாமி என்று எதுவும் இல்லை, மனிதன்தான் கொன்றான் என்பது ஒரு வாசிப்பு. சாமி எப்போதுமே ஒரு மனித உடம்பில் ஏறித்தானே வரும், இந்தத் தடவை அவன் உடம்பில் ஏறியது என்பது மற்றொன்று. சாமியாடிக்கு அருள் இறங்கிய பிறகு தான் என்ன சொன்னோம் என்பது நினைவிருக்காது என்று நம்பும் ஊரில், ‘அவன் செய்வது அவனுக்கே தெரியாது’ என்ற மருத்துவ விளக்கம் கருப்பனை மறுப்பதாகாது. கருப்பன் வந்ததற்கு அதுவே சாட்சி. பகுத்தறிவாளரும் பக்தரும் ஒரே காட்சியைப் பார்த்துவிட்டு அவரவர் வெற்றியோடு எழுந்து போகலாம். இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் மறையும் வரை அமானுஷ்யத்தையும் விளக்கத்தையும் இப்படி ஒரே தட்டில் வைத்துத்தான் எழுதிவந்தார்.

‘விடாது கருப்பு’ முடிந்து கால் நூற்றாண்டு கழிந்தும் அதன் முடிவு பற்றிய பேச்சு அணையாமல் இருக்கக் காரணம் இந்த இரட்டைக் கதவுதான். ‘சுழல்’ அந்தக் கதவில் ஒன்றைச் சாத்திவிட்டது. அம்மன் விழாவின் உச்சத்தில் கொலை நடக்கிறது. ஆனால் நந்தினிக்கு அருள் வரவில்லை. தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தே செய்கிறாள். பக்தி வாசிப்புக்கு இடமிருக்கிறது போலத் தோன்றினாலும், பொறுப்பை அம்மன்மேல் போட வழியில்லை. மூன்றாவது எதிர்ப்பின் வேர் இங்கே இருக்கிறது. கருப்பன் கொன்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒரு பெண் நிதானத்தோடு கொன்றால் சட்டம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

முடிவு தெரிந்த கதைகள்

தொலைக்காட்சிக்கு முன்னால் இந்த மண்ணில் குற்றக்கதை கதைப்பாடலாக இருந்தது. நல்லதங்காள் கதையையே எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு வருஷப் பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு மானாமதுரையிலிருந்து அண்ணன் வீட்டுக்கு நடந்த நல்லதங்காளை, அண்ணி மூளி அலங்காரி பட்டினி போட்டு விரட்டுகிறாள். நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்து சாகிறாள். விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. வரைபடத்தில் மானாமதுரைக்கும் வத்திராயிருப்புக்கும் கோடு போட்டால் அது காரியாபட்டிப் பக்கம், இந்த வறண்ட நிலத்தின் மேலாகத்தான் போகும். அவள் நடந்த வழி இது.

இந்தக் கதையில் கொன்றது யார்? கை நல்லதங்காளின் கை. குற்றம் சாட்டப்படுகிறவள் மூளி அலங்காரி. பஞ்சம், பெண்டாட்டி பிள்ளைகளைத் தனியே அனுப்பிய புருஷன், வீட்டில் இல்லாமல் போன அண்ணன் என்று பட்டியல் நீள்கிறது. பாட்டு ஒரு பக்கம் சாய்ந்து மூளி அலங்காரிக்குத் தண்டனை கொடுக்கிறது. ஆனாலும் கேட்கிறவர்கள் மனசு ஆறுவதில்லை. சில வடிவங்களில் தெய்வம் வந்து செத்தவர்களை எழுப்பப் பார்க்கிறது. நல்லதங்காள் பிழைக்க மறுத்துத் தெய்வமாக நிற்கிறாள். ஒரே கதைக்கு இத்தனை முடிவுகள் சேர்ந்திருப்பது, கேட்டவர்கள் ஒவ்வொரு முடிவோடும் சண்டை போட்டதன் தடம் என்றே நினைக்கிறேன்.

தென்மாவட்டங்களில் இப்படி அநியாயச் சாவு செத்துத் தெய்வமானவர்கள் ஏராளம். நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988-இல் நூலாக்கிய ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், தெய்வமாகவே பிறந்தவர்களின் கதைகளையும் கொடுஞ்சாவினால் தெய்வமானவர்களின் கதைகளையும் பிரித்துக் காட்டினார். இரண்டாவது வகைக் கதையில் சாவைப் பாடும் கட்டம் வரும்போது சாமியாடிகளுக்கு அருள் இறங்கும். கோயில் கொடை விழாவின் உச்சம் அதுதான். யார் வெட்டினான், எங்கே வைத்து வெட்டினான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்த சாவைக் கேட்கவே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள்.

துப்பறியும் தொடரின் இலக்கணம் இதற்கு நேர் எதிர். அங்கே சாவு முதல் அத்தியாயத்திலேயே முடிந்துவிடுகிறது. மீதியெல்லாம் தகவல் தேடல். கடைசித் தகவல் கைக்கு வந்ததும் கதைக்கு உயிர் போய்விடும். ‘முடிவைச் சொல்லிடாதே’ என்று காதைப் பொத்திக்கொள்ளும் வழக்கம் இந்த இலக்கணத்தோடு வந்தது. நல்லதங்காள் முடிவைச் சொல்லிவிட்டதற்காக இந்தச் சீமையில் யாரும் யாரோடும் கோபித்துக்கொண்டதில்லை. ‘சுழல்’ போன்ற தொடர் இரண்டு இலக்கணத்தையும் ஒரே நேரத்தில் சுமக்கப் பார்க்கிறது. துப்பறியும் கதையாகத் தொடங்கி, செத்த பெண்ணுக்கான சடங்காக முடிகிறது. முதல் இலக்கணத்தை நம்பி உட்கார்ந்தவர் ஏமாந்தார். இரண்டாவதற்குக் காத்திருந்தவருக்கு மனம் நிறைந்தது.

முடிவை மாற்றச் சொன்னவர்கள்

கேட்கிறவர்களின் எதிர்ப்பு கதையை மாற்றியே விடும் என்பதற்கு நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலையின் ஆய்வுகள் சான்று. முத்துப்பட்டன் கதையில் பிராமண இளைஞன் முத்துப்பட்டன், பொம்மக்கா திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்கள்மேல் காதல் கொள்கிறான். அவர்களின் தகப்பன் கேட்டபடி பூணூலைக் கழற்றிவிட்டுச் செருப்புத் தைத்துக் கொடுத்து மணக்கிறான். மாடு களவாட வந்தவர்களோடு மோதிச் சாகிறான். பின்னால் வந்த வடிவங்களில் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகள், தகப்பன் எடுத்து வளர்த்தவன் என்று சேர்க்கப்பட்டது. பழைய முடிவைச் சகிக்க முடியாத ஒரு கூட்டத்துக்காகக் கதையின் தொடக்கத்தையே திருத்தினார்கள். மதுரைவீரனும் காத்தவராயனும் உயர்ந்த இடத்தில் பிறந்தவர்களாக ஆனதும் இதே வழியில்தான். அரிவாள் தூக்காமல், கூச்சல் போடாமல் நடக்கும் இந்த வேலையை ரசிகர் எதிர்வினை என்று யாரும் அழைப்பதில்லை. ஆனால் இதைவிட வலுவான ரசிகர் எதிர்வினை கிடையாது.

அச்சில் இதற்கு எதிரான ஓர் உதாரணம் இருக்கிறது. 1966-இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வந்தது. மழைநாளில் முகம் தெரியாதவனின் காரில் ஏறிக் கெடுக்கப்பட்ட கல்லூரி மாணவியை, அவள் தாய் தலையில் தண்ணீர் ஊற்றி ‘நீ சுத்தமாகிவிட்டாய்’ என்று ஏற்றுக்கொள்கிறாள். கதை அங்கே முடிகிறது. அந்த முடிவை ஏற்க முடியாது என்று பெரும் சர்ச்சை எழுந்தது. ஜெயகாந்தன் திருத்தவும் இல்லை, சும்மா இருக்கவும் இல்லை. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டி அழுதிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று ஒரு முழு நாவலை எழுதினார். ‘சில நேரங்களில் சில மனிதர்க’ளுக்கு 1972-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது, 1977-இல் பீம்சிங் அதைப் படமாக்கினார். நீங்கள் கேட்ட முடிவு இதுதான், இதன் விலையைப் பாருங்கள் என்று வாசகர்களுக்கு முன்னால் வைத்த கணக்கு அந்த நாவல்.

வெளியூர்க் கதைகளிலும் வாசகர் பலம் தெரிந்த விஷயம். ஆர்தர் கானன் டாயில் 1893 டிசம்பரில் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றார். அந்தக் கதை வந்த பத்திரிகையை இருபதாயிரம் சந்தாதாரர்கள் நிறுத்தியதாகச் சொல்வார்கள். பத்தாண்டு இழுத்துப் பார்த்துவிட்டு 1903-இல் அவரே ஹோம்ஸை உயிரோடு எழுப்ப வேண்டிவந்தது. அமெரிக்காவில் ‘தி கில்லிங்’ தொடரின் முதல் பருவம் 2011 ஜூன் 19 அன்று கொலைகாரன் யார் என்று சொல்லாமலே முடிந்தது. அதனால் எழுந்த ரசிகர் கோபம் அடங்க அடுத்த ஆண்டு வரை ஆயிற்று. 2007 ஜூன் 10 அன்று ‘தி சோப்ரானோஸ்’ தொடர் ஒரு பாட்டின் நடுவில் இருட்டாகி முடிந்தபோது பலர் கேபிள் போய்விட்டது என்றே நினைத்தார்களாம். மின்வெட்டுக்குப் பழகிய நம் ஊரில் அப்படி ஒரு தொடர் முடிந்திருந்தால், கரண்ட் எப்போது வரும் என்று காத்திருந்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள்.

அன்று கொல்வதும் நின்று கொல்வதும்

அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும் என்பது இங்கே வாய்க்கு வாய் வரும் பழமொழி. தொடர்கள் நம்மிடம் வந்து சேரும் வேகத்தையும் இதைக்கொண்டு அளக்கலாம். ‘விடாது கருப்பு’ வாரம் ஒருமுறை வந்தது. இடையில் கிடைத்த ஏழு நாளும் பேச்சுக்கு: தறிக்குழியில், பூக்கட்டும் திண்ணையில், பஸ்ஸில். இன்னார்தான் கருப்பன் என்று ஆளாளுக்கு ஒரு ஊகம். முடிவு வரும்போது அது தனியாள் கண்ட முடிவாக இல்லை. மாதக்கணக்கில் ஊர் பேசிப் பேசி வாங்கிய தீர்ப்பு. ‘சுழல்’ எட்டு அத்தியாயமும் ஒரே நள்ளிரவில் கைப்பேசிக்குள் இறங்கியது. ஒருவர் விடியும் முன் முடித்திருப்பார்; பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாவதில் நின்றிருப்பார். வாயைத் திறந்தால் கதை கெட்டுவிடும் என்று இருவரும் பேசாமல் இருப்பார்கள். ஊகிக்கவும் சண்டை போடவும் சமாதானமாகவும் கால அவகாசம் இல்லாமல் தீர்ப்பு மட்டும் தனியாக வந்து விழுந்தது. முடிவின் மீதான கோபத்தில் ஒரு பங்கு இந்தத் தனிமைக்குச் சேரவேண்டியது.

இங்கேதான் இரண்டாவது பருவத்தைக் கணக்கில் எடுக்கவேண்டும். 2025 பிப்ரவரி 28 அன்று பிரம்மாவும் சர்ஜுனும் இயக்கி வெளியான ‘சுழல் 2’ தொடங்கும்போது நந்தினி சிறையில் இருக்கிறாள். அவளுக்காக வாதாட வேண்டிய வக்கீல் செல்லப்பா (லால்) பூட்டிய வீட்டுக்குள் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். குலசேகரன்பட்டினம் தசராவை நினைவூட்டும் அஷ்டகாளி விழா நடக்கும் காளிபட்டினத்தில், ஒருவர் பின் ஒருவராக எட்டு இளம்பெண்கள் ‘நான்தான் கொன்றேன்’ என்கிறார்கள். முதல் பருவத்தின் இறுக்கம் இதில் இல்லை என்று குறைசொன்னவர்கள் அதிகம். எனக்கும் அதே கருத்துத்தான். இழுவையும் தற்செயலும் மிகுதி. ஆனாலும் ஒரு காரியத்தில் அது ஜெயகாந்தன் போன வழியில் போகிறது. முதல் பருவத்தின் முடிவில் கைதட்டியவர்களிடம், நீங்கள் அம்மன் என்று கும்பிட்டவள் இப்போது ஜெயிலில் கைதி எண்ணோடு இருக்கிறாள் என்று காட்டுகிறது. சட்டம் எதற்கு என்று கேட்டவர்களிடம், சட்டம் என்ன செய்தது என்று திருப்பிக் கேட்கிறது. இரண்டு கட்சிக்கும் இது சௌகரியமான பதில் அல்ல.

‘சுழல்’ இயக்குநர்களில் ஒருவரான பிரம்மாவின் முதல் படத்துக்குப் பெயர் ‘குற்றம் கடிதல்’. திருக்குறள் அதிகாரத்தின் தலைப்பு. கடிதல் என்றால் விலக்குதல். குற்றவாளியைப் பிடிப்பதோடு அந்தச் சொல் நின்றுவிடுவதில்லை. குற்றக்கதையின் கடைசி அத்தியாயத்தையும் இந்தச் சொல்லைக் கொண்டுதான் அளக்கவேண்டும் என்று நினைக்கிறேன். முடிவை நாம் முன்பே ஊகித்தோமா, தடயங்கள் ஒழுங்காக வைக்கப்பட்டனவா என்பவை கைத்திறன் பற்றிய கேள்விகள், கேட்கத்தான் வேண்டும். அவற்றுக்குப் பின்னும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது: கதை முடியும்போது செத்தவள் வெறும் தடயமாக மிஞ்சுகிறாளா, ஆளாக நிற்கிறாளா? நல்லதங்காள் ஆளாக நின்றாள், கோயில் கிடைத்தது. ‘சுழல்’ முதல் பருவத்தின் எட்டாவது அத்தியாயம் குறைகள் பலவற்றோடும் நிலாவை ஆளாக நிறுத்தியது. அதனால் அந்த முடிவு சரியான முடிவு என்பது என் தீர்ப்பு. நந்தினிக்குச் சரியான முடிவா என்பது வேறு வழக்கு. அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கலாம். வானமாமலை 1967-இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கியபோது, படிப்பாளிகள் பொருட்படுத்தாத கதைப்பாடல்களைத் தேடிப் பதிப்பிக்க ஆளிருந்தது. அதனால்தான் முத்துப்பட்டன் கதை எப்படி மாறியது என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது. நல்லதங்காள் முடிவோடு சண்டை போட்டவர்களின் பேத்திகள் இன்று பரளச்சியிலும் பந்தல்குடியிலும் கைப்பேசியில் தொடர் பார்த்துவிட்டு ‘அவளை ஜெயிலுக்கு அனுப்பியிருக்கக் கூடாது’ என்றோ ‘அனுப்பியது சரிதான்’ என்றோ பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சும் நாட்டார் வழக்காறுதான். நாட்டார் வழக்காற்றியல் படிக்கும் மாணவர்கள் கதைப்பாடல் சேகரிக்கப் போகும் ஊர்களில், தொடர் முடிந்த வாரம் ஒருநாள் தங்கி அதையும் எழுதிக்கொண்டு வரவேண்டும். முடிவு எழுதப்பட்ட கதைகள் எப்போதும் கிடைக்கும். அந்த முடிவை ஒப்புக்கொள்ளாதவர்களின் பேச்சு அப்போதே எழுதாவிட்டால் கிடைக்காது.